ரவி அண்ணன் மட்டும்தான்

கராச்சர்மா,
ஞாயிறு, பூசை முடிந்து வந்ததும்.

அன்புள்ள ரவிக்குமார் அண்ணனுக்கு,

கீழ்வீட்டு ஷெல்டன் எழுதுவது. இதை உங்களுக்கு முன்பே பிரித்துப் படிக்கப்போகும் ஜெயில் ஆபீசர் சாருக்கும் ஒரு வணக்கம். பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் அங்கே வந்துவிடலாம். ஆனால் உங்கள் முகத்தைப் பார்த்தால் ஏதாவது ஜோக் அடித்துவிட்டுத் திரும்பிவிடுவேன். அதனால்தான் கடிதம்.

வீட்டில் எல்லாரும் சுகம். வக்கீல் மேல்முறையீடு செய்கிறார், அம்மா மேலே முறையிடுகிறாள். வெள்ளிக்கிழமை உபவாசம் உங்களுக்காக, மெழுகுவர்த்தியும் உங்களுக்காக. நான் பன்னிரண்டாவது பரீட்சை எழுதியபோது ஒரு தீக்குச்சிகூட இல்லை. இங்கே எரிவது மெழுகுவர்த்தி மட்டுமில்லை அண்ணா, என் வயிறும்தான்.

நீங்கள் கட்சால் தீவிலிருந்து எங்கள் மாடிக்குக் குடிவந்த நாளிலேயே அது பற்றிக்கொண்டது. மீன்தலை உங்கள் தட்டுக்குப் போனது. என்னைத் தொடவிடாத டிங்கிப் படகு எஞ்சினை அப்பா உங்கள் கையில் கொடுத்தார். ரவியைப் பார்த்துக் கத்துக்கடா என்றார். கற்றுக்கொண்டேன், உங்கள் பேச்சை. நாங்கள் ‘பேசாதே’ என்பதை உங்கள் ரப்பர் தோட்டத்து ஆட்கள் ‘கதைக்காதே’ என்பார்கள். அதை உங்கள் மூக்குக் குரலிலேயே கிரவுண்டில் சொல்லிக் காட்டினேன். ஒரே மாதத்தில் மொத்த டீமும், இந்தி பேசுகிற பையன்கள் உட்பட, ‘அரே யார், கதைக்காதே’ என்று மூக்கால் கத்தியது. நீங்கள் வந்தால் நிறுத்திவிடுவோம்.

பிறகு, கரண்ட் போன அந்தச் சாயங்காலம், மார்க்கெட் பின்சந்தில் எவனோ அந்த வங்காளி அக்காவை மானபங்கம் செய்தான். அக்கா முகத்தைப் பார்க்கவில்லை. தமிழும் தெரியாது. காதில் விழுந்த ‘கதைக்காதே’ என்ற அந்த ஒரு சொல்லை அப்படியே போலீசிடம் ஒப்பித்தார். ஸ்டேஷனில் உங்களைச் சொல்லவைத்தபோது இதே குரல்தான் என்றார். அவர் பொய் சொல்லவில்லை அண்ணா.

பொய் சொன்னது நான். இங்கே இப்படிப் பேசுவது யார் என்று போலீஸ் கேட்டபோது அப்பா தயங்கினார். நான் முந்திக்கொண்டு, எங்க மாடி ரவி அண்ணன் மட்டும்தான் சார் என்றேன். அந்த ‘மட்டும்தான்’தான் கோர்ட்டில் உங்கள்மேல் விழுந்தது. ரெண்டு நாள் அலையவிட்டு அனுப்புவார்கள் என்று நினைத்தேன். ஏழு வருடம் என்று நினைக்கவில்லை. அதற்குப் பிறகு வாய் திறக்கப் பயம்.

நேற்று வக்கீல் சந்திரமோகன் சார் அப்பாவிடம் சொன்னதைக் கேட்டேன். அடையாளம் தப்பு என்று வாதாடாமல், குற்றத்தை ஏற்றுக்கொண்டு, வயது இருபத்தொன்று, முதல் வழக்கு என்று கேட்டால் ஏழு மூன்றாகலாமாம். அதுவும் நீதிபதிகளின் மனசுப்படியாம். நீங்களும் சம்மதித்துவிட்டீர்களாம்.

வேண்டாம் அண்ணா. மூன்று என்று ஆனாலும் செய்தவர் நீங்கள்தான் என்று ஆகிவிடும். செய்தவன் வெளியே இருக்கிறான். அவனுக்கு அந்தச் சொல்லைக் கற்றுக்கொடுத்தது அநேகமாக நான். அந்த அக்கா இன்னும் அந்தச் சந்து வழியாகத்தான் வேலைக்குப் போகிறார்.

நாளைக் காலை வக்கீல் சாரிடம் போகிறேன். அப்படிப் பேசிய எல்லாரின் பெயரையும் எழுதிவிட்டேன். முதல் பெயர் என்னுடையது. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

குற்றத்தை ஏற்பதாக உங்களிடம் கையெழுத்து வாங்க வக்கீல் சார் வியாழக்கிழமை வருவாராம். இனிமேல் என்னைத் தம்பி என்று கூப்பிடச் சொல்லிக் கேட்க மாட்டேன். கையெழுத்து மட்டும் போட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஷெல்டன்