ஐந்தாம் கிணற்றின் மஞ்சள் தண்ணீர்

முக்குளி கடலடி நிலையம். பணியில்: முத்துப்பேச்சி, கிணற்றுப் பொறியாளர். ஒருவர் மட்டும்.

அக்டோபர் 9, காலை 6.10

ஐந்தாம் கிணற்றில் வருவதில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். போன வாரம் பாதிதான். எண்ணெய் எடுக்க வந்த கம்பெனி தண்ணீர்க் கம்பெனியாகிவிட்டது.

மேலே நிற்கும் நீலவேணி கப்பலிலிருந்து வானொலியில் தலைமைப் பொறியாளர் ஜெயச்சந்திரபோஸ் டீ உறிஞ்சியபடி தீர்ப்புச் சொன்னார்: "அடியில இருக்கிற உப்புத்தண்ணி மேல ஏறுதும்மா. எண்ணெய் எடுக்கிற வேகத்தைக் குறைச்சா தானா இறங்கிடும்."

மாதிரியைப் பார்க்கவில்லை. வரைபடத்தையும் பார்க்கவில்லை. அடியிலிருந்து ஏறும் தண்ணீர் மெல்ல மெல்லக் கூடும். இது ஒரே நாளில் தாவியிருக்கிறது.

"சரி சார்" என்றேன். எனக்கு வாயில் வருவது அது ஒன்றுதான். மீதியை இங்கே எழுதுகிறேன்.

அக்டோபர் 10, காலை 9.40

மாதிரியில் சல்பேட். இங்கே ஆழத்துப் பாறைநீரில் அது கிடையாது, கடல்நீரில் உண்டு. எண்ணெயைத் தள்ளிவிடுவதற்காகக் கப்பலிலிருந்து மூன்றாம் கிணற்றுக்குள் கடல்நீரை அழுத்திச் செலுத்துகிறோம். அதுதான் குறுக்குவழி பிடித்து இங்கே வருகிறது என்று சந்தேகம். ஐந்தாம் கிணற்றுக் குழாயைச் சுற்றி நிரப்பிய சிமெண்ட் பிளந்திருக்க வேண்டும். அந்த சிமெண்ட் வேலை போஸ் சாருடையது. அதற்கு விருதுகூட வாங்கினார்.

இதை போஸ் சாருக்கு அனுப்பினேன். பதில்: "நீ உட்கார்ந்திருக்கிறதே கடலுக்குள்ள. பாட்டில்ல கடல்தண்ணி பூந்திருக்கும். உங்க வீட்டுல காலேஜுக்குப் போன முதல் ஆளு நீதானே? மெதுவா கத்துக்கலாம், அவசரமில்ல."

வானொலியில் அவருக்குப் பின்னால் யாரோ சிரித்தார்கள். சிரித்தவரும் பட்டம் வாங்கியவராகத்தான் இருப்பார்.

அக்டோபர் 12, மாலை 4.15

மாதிரி மஞ்சளாக வருகிறது. கப்பலில் வானொலியையும் பம்பையும் பார்க்கும் லூர்து ராயனிடம், புதிதாக ஏதாவது செலுத்தினீர்களா என்று கேட்டேன்.

"ஒண்ணும் இல்லக்கா. ஆயுத பூசைக்கு சாரு ஒரு அண்டா மஞ்சத்தண்ணி கரைச்சு, மூணாங் கெணத்துக்குப் போற தொட்டியில ஊத்துனாரு. கெணறும் ஆயுதந்தானாம். சாம்பாருக்கு ஒரு கரண்டி மஞ்சப்பொடி மிச்சம் வைக்கலக்கா மனுசன்."

தண்ணீரின் வழியை அறிய, மூன்றாம் கிணற்றில் சாயம் கலந்து விடுங்கள் என்று போஸ் சாரிடம் முன்பே எழுதிக் கேட்டிருந்தேன். வீண் வேலை என்று மறுத்தார். இப்போது அவரே ஊற்றியிருக்கிறார், பக்தியோடு.

மாலை 5.30

போஸ் சார்: "அது துரும்மா. குழாய்த் துரு."

மாதிரியில் சோப்புக் கரைசல் விட்டேன். செக்கச் சிவந்தது. துருவுக்கு சோப்புப் பட்டால் ஒன்றும் ஆகாது. மஞ்சள் சிவக்கும். கறை பட்ட சட்டையைச் சொந்தக் கையால் ஒருமுறை துவைத்தவருக்குத் தெரியும். சாருக்குத் தெரிய வாய்ப்பில்லை.

ஐந்தாம் கிணற்றை நேற்று அவரே கப்பலிலிருந்து முக்கால்வாசி அடைத்துப் பூட்டிவிட்டார். மூன்றாம் கிணற்றில் செலுத்துவதை மட்டும் நிறுத்தவில்லை. வெளியேற வழியில்லாத தண்ணீர், சிமெண்ட் பிளவு வழியாகக் குழாய்க்கு வெளியே மேலே ஏறும். மேலே கடல்தரை. கடல்தரையில், கிணற்றை ஒட்டி, நான்கு கால்களில் நிற்கும் இந்த நிலையம். அதற்குள் நான்.

அக்டோபர் 13, காலை 7.05

பேனா மேசையிலிருந்து தானாக உருண்டு விழுந்தது. எடுத்து வைத்தேன். மறுபடியும் உருண்டது. நிலையம் கிழக்கே சாய்கிறது. ஜன்னலுக்கு வெளியே, விளக்கு வெளிச்சத்தில், சேறு கஞ்சி கொதிப்பது போல எழும்புகிறது.

மீட்புக் கூண்டை இறக்கச் சொன்னேன். போஸ் சார்: "நாளைக்கு டைரக்டருங்க வர்றாங்கம்மா. இன்னைக்குக் கூண்டை இறக்கினா என்ன நினைப்பாங்க?"

காலை 7.50

கப்பலின் எல்லா ஒலிபெருக்கியிலும் கேட்கும்படி பேசினேன். "லூர்து, பம்பை நிறுத்து. சார் போட்ட சிமெண்ட் பொளந்துருச்சு. அவரு ஊத்துன மஞ்சத்தண்ணி என் காலடிக்கு வந்துக்கிட்டிருக்கு. அவருக்கு வெளங்கலைன்னா, வெளங்குற ஆளு யாராவது அங்க இருந்தா வாங்க."

 இந்த முறை "சரி சார்" வாயில் வரவில்லை.

போஸ் சார்: "பொம்பளப் பிள்ளையத் தனியா இறக்கினா இப்படித்தான்."

லூர்து: "யக்கா, பம்பு அறைச் சாவிய சாரு தரமாட்டேங்காரு. நான் பூட்ட ஒடைக்கேன். இருங்கக்கா, இருங்க."

காலை 8.20

அழுத்தமானி இறங்கவில்லை. பம்பு இன்னும் ஓடுகிறது. கிழக்குக் கால் புதைந்துவிட்டது. தரைத்தட்டின் மூலை பிளந்து தண்ணீர் வருகிறது. கணுக்கால் வரை. சேறு. மஞ்சள்.

லூர்துவின் குரல் இல்லை.

கண்டெடுப்பவருக்கு: அதிகத் தண்ணீர் வருவது மூன்றாம் கிணற்றிலிருந்து. வழி, ஐந்தாம் கிணற்றின் சிமெண்ட். அறிக்கையில் போஸ் சார் துரு என்றுதான் எழுதுவார். அதனால் இந்தத் தண்ணீரை ஒரு குப்பியில் பிடித்திருக்கிறேன். அதை மூடி, என் கழுத்தில் கட்டிக்கொள்ளப் போகிறேன். அதற்கு முன்னால் ஒரு சொட்டு சோப்பு

சிவந்துவி