பாட்டு நிற்கும் இடத்தில் ஒரு சிரிப்பு

மார்ச் 4

அன்புள்ள சின்னுவுக்கு,

அப்பா எழுதுவது. நான் நலம். குளியலறைக் கதவுதான் நலமில்லை. நேற்றுக் காலை நான் உள்ளே சிரித்துக்கொண்டிருந்தபோது மேல்வீட்டு வங்கிக்காரரும் அவர் மருமகனும் தாழ்ப்பாளை உடைத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். நான் இடுப்பில் துண்டோடு, கண்ணாடி முன்னால், வாயைப் பிளந்தபடி நிற்கிறேன். "சார், தனியா இருந்தா இப்படித்தான் ஆகும். வண்டியை எடுக்கச் சொல்றேன், டாக்டர்கிட்ட ஒரு எட்டு போயிட்டு வந்துடலாம்" என்கிறார் வங்கிக்காரர். "இல்ல சார், ஒத்திகை பார்க்கிறேன்" என்றேன். மருமகன் மாமனாரைப் பார்த்த பார்வை இருக்கிறதே, முற்றிப்போச்சு என்கிற பார்வை.

விஷயம் இதுதான். நம்ம படத்தை மறுபடி திரையிடுகிறார்கள் அல்லவா, அந்த விழாவில் மேடையில் வாத்தியக்காரர்களை உட்கார வைத்து அந்தக் கண்ணாமூச்சிப் பாட்டை நேரடியாக வாசிக்கப் போகிறார்களாம். பாட்டு நடுவில் நிற்கும் இடத்தில் நான் மைக் முன்னால் சிரிக்க வேண்டுமாம். விழாக்காரம்மா வீட்டுக்கே வந்து கேட்டுவிட்டுப் போனார்.

இந்தக் கதையை எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன் என்று நீ சலித்துக்கொள்வாய். இருந்தாலும் சொல்வேன். நான் அப்போது ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வாத்தியங்கள் ஏற்றிப்போகிற வேன் ஓட்டி. படத்தில் குடும்பம் மொத்தமும் அலமாரிக்குள்ளும் கட்டிலுக்கடியிலும் ஒளிந்திருக்கும், அப்பா தேடிக்கொண்டு வருவார், பாட்டு சட்டென்று நிற்கும், எல்லோரும் மூச்சைப் பிடித்திருக்கும்போது எங்கிருந்தோ 'கிளுக்'கென்று ஒரு சிரிப்பு. அதற்கு ஆள் தேடியபோது, டீ குடித்துக்கொண்டு நின்ற என் கீச்சுச் சிரிப்பைக் கேட்டு இசையமைப்பாளர் உள்ளே இழுத்துக்கொண்டார். அங்கே கோரஸில் நின்ற உங்கம்மா அதைக் கேட்டுத்தான் விழுந்தாள். எழுந்திருக்க முடியாமல் என்னையே கட்டிக்கொண்டாள்.

இப்போது எழுந்து உன் வீட்டுக்கு வந்துவிட்டாள். அவள் கோபம் தணிந்ததா? மின்விசிறி சத்தம் போடுகிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தாள், நான் கவனிக்கவில்லை. அதற்காகவா ஒரு மனுஷி பெட்டி கட்டுவாள்? விழாக்காரம்மா வந்த அன்றுகூட நன்றாகத்தான் இருந்தாள். நான் கதை சொல்லும்போது நடுவில் ஏதோ சொல்ல வந்தாள். "நீ சும்மா இரு, நீ கோரஸ் கூட்டத்துல ஒருத்தி, நான் தனி மைக்" என்றேன். வந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். மறுநாள் காலை ஆளைக் காணோம்.

நீதான் அந்தப் பழைய ஒலிநாடாவையெல்லாம் தூசு தட்டிச் சுத்தம் செய்கிறாய். அப்பாவின் சிரிப்பைக் கொஞ்சம் பளிச்சென்று வை. பதில் எழுது. போன் வேண்டாம். போனில் "சரிப்பா, வேலை இருக்குப்பா" என்று வைத்துவிடுகிறாய்.

உன் அப்பா

*

மார்ச் 11

அன்புள்ள அப்பாவுக்கு,

அம்மா நலம். நீங்கள் கேட்டதாகச் சொன்னேன். "கேட்டாரா" என்றாள். அவ்வளவுதான். மின்விசிறிக்காக அவள் வரவில்லை. அது மட்டும் எனக்குத் தெரியும்.

அப்பா, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். இரண்டு தாள் எழுதிக் கிழித்துவிட்டேன், அதனால் நேராகவே கேட்கிறேன். அந்த மேடைக்கு நீங்கள் போக வேண்டாம். உடம்பு சரியில்லை, தொண்டை கட்டிக்கொண்டது, எதையாவது சொல்லிவிடுங்கள். சிரிப்புக்கு நான் நாடாவிலிருந்தே எடுத்துக் கொடுத்துவிடுகிறேன் என்று விழாக்காரம்மாவிடம் பேசிக்கொள்கிறேன்.

காரணம் கேட்காதீர்கள். உங்கள் நல்லதுக்குத்தான் சொல்கிறேன்.

குளியலறைக்குப் புதுத் தாழ்ப்பாள் போட்டீர்களா? மாத்திரையை மறக்காதீர்கள்.

அன்புடன்,
சின்னு

*

மார்ச் 15

சின்னுவுக்கு,

என் நல்லதுக்கு என்று ஆரம்பிக்கிறவர்களைக் கண்டால் எனக்கு எப்போதுமே பயம். பல் டாக்டர்கூட அப்படித்தான் ஆரம்பித்தார்.

யோசித்துப் பார்த்தேன். இது உன் பேச்சு இல்லை, உங்கம்மா பேச்சு. நான் மேடையேறுவது அவளுக்குப் பிடிக்கவில்லை. சொல்லச் சொல் அதை நேரில். உன் தோளில் துப்பாக்கி வைத்துச் சுட வேண்டாம்.

சுவரொட்டி அடித்துவிட்டார்கள், தெரியுமா? கீழே மூலையில் என் படம். தலையில் இல்லாத முடியைக்கூட வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். வங்கிக்காரர் பார்த்துவிட்டு, "சார், நீங்களா? சொல்லவே இல்லையே!" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். கதவுக்குக் கூலி கேட்கலாம் என்றிருந்தேன், வெட்கமாகிவிட்டது. தையல்காரரிடம் நீலச் சட்டைக்குத் துணி கொடுத்திருக்கிறேன்.

சிரித்து மழுப்பாமல் ஒன்று சொல்கிறேன், கேள். நான் பத்தாவது தாண்டவில்லை. வாழ்நாள் முழுக்க யார் யாரோ வாசிக்கிற வாத்தியத்தை ஏற்றி இறக்கினேன். ஊரே வீட்டில் உட்கார்ந்து கேட்கிற ஒரு பாட்டில் எனக்கென்று ஒரே ஒரு மூச்சு இடம் இருக்கிறது. அதில் ஏறாதே என்றால் காரணத்தைச் சொல். காரணம் இல்லையென்றால் நான் போவேன்.

அப்பா

*

மார்ச் 21

அன்புள்ள அப்பாவுக்கு,

கேட்டுவிட்டீர்கள். சொல்கிறேன். உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

நாடாவில் அன்றைய ஒலிப்பதிவு முழுதும் இருக்கிறது, நடுவில் பேசியதும் சேர்த்து. பாட்டு நிற்கிறது. நீங்கள் சிரிக்கிறீர்கள். "இன்னொண்ணு பார்ப்போம்" என்கிறார் இசையமைப்பாளர். மறுபடி சிரிக்கிறீர்கள். "தம்பி, பயந்து போய் கத்துற மாதிரி இருக்கு. சும்மா சிரிங்க." அடுத்தது இருமலில் முடிகிறது. "போதும் தம்பி, நல்லா இருந்துச்சு" என்கிறார். அப்போது யாரோ கதவைத் திறந்து, "வழியை மறிச்சு வேனை நிறுத்தினது யாருப்பா?" என்று கத்துகிறார். உங்கள் காலடிச் சத்தம் ஓடுகிறது. கதவு சாத்தும் சத்தம்.

கொஞ்ச நேரம் ஒன்றுமே இல்லை. பிறகு கோரஸ் பக்கத்திலிருந்து ஒரு பெண் சிரிக்கிறாள். அடக்கப் பார்த்து, முடியாமல், கிளுக்கென்று. "யாரும்மா அது?" என்கிறார். "மன்னிச்சிடுங்க சார்." "மன்னிப்பெல்லாம் அப்புறம். நாடா ஓடிட்டிருந்துச்சா? அதையே வைங்க."

மன்னிச்சிடுங்க சார் என்ற குரல் அம்மாவுடையது.

படத்தில் இருப்பது அந்தச் சிரிப்புதான். பத்துத் தடவை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டேன். முதலில் நான் நம்பவில்லை. ஏனென்றால் அம்மா அப்படிச் சிரித்து நான் கேட்டதே கிடையாது. வாயைப் பொத்திக்கொண்டு தோளைக் குலுக்குவாள், சத்தமே வராது. நேற்று அவளிடம் போட்டுக் காட்டினேன். காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, "அவர்கிட்ட சொல்லாதே. அந்த மனுஷனுக்கு அது ஒண்ணுதான் இருக்கு" என்றாள். "அதுக்காகவாம்மா இத்தனை வருஷமா வாயைப் பொத்தினே?" என்று கேட்டேன். "சத்தம் போட்டுச் சிரிச்சா யாராவது கண்டுபிடிச்சுட மாட்டாங்களா?" என்றாள். பிறகு, "ஆனா கூட்டத்துல ஒருத்தின்னு சொல்லியிருக்க வேண்டாம்" என்றாள்.

திரையில் என் பெயர் வருகிறது என்பதற்காக அவள் விழாவுக்கு வருகிறாள். மூன்றாவது வரிசை. உங்களுக்காக இல்லை என்று இரண்டு தடவை சொன்னாள்.

இனி நீங்கள் என்ன செய்தாலும் நான் குறுக்கே வர மாட்டேன். சொன்னது தப்பா என்று தெரியவில்லை அப்பா.

சின்னு

*

மார்ச் 25

சின்னுவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தையல்காரர் சட்டைத் துணியைத் திருப்பித் தர மாட்டாராம், ஏற்கெனவே வெட்டிவிட்டாராம்.

அப்பா

*

ஏப்ரல் 3

அன்புள்ள சின்னுவுக்கு,

மேடையில் நடந்ததை நீ அரங்கின் ஒலி அறைக் கண்ணாடி வழியாகப் பார்த்திருப்பாய். கீழே நின்றவனுக்கு எப்படி இருந்தது என்று நான் சொல்கிறேன்.

வீட்டிலிருந்து கிளம்பும்போது சிரித்துவிடுவது என்றுதான் போனேன். பொய் சொல்லவில்லை. இத்தனை பேருக்கு யார் சிரிப்பாயிருந்தால் என்ன என்று தோன்றியது. படத்தைக் கேட்டுக் கேட்டு நான் அவளைப் போலவே சிரிக்கப் பழகியிருக்கிறேன், யாரும் வித்தியாசம் கண்டுபிடிக்கப் போவதில்லை. பாட்டு ஆரம்பித்தது. புல்லாங்குழல் ஓடி ஒளிந்தது. பெரிய முரசு தேடிக்கொண்டு வந்தது. எல்லாம் நின்றது. வாத்தியக்காரர்களை நடத்துகிறவர் குச்சியை அந்தரத்தில் பிடித்துக்கொண்டு என்னைப் பார்க்கிறார். நான் வாயைத் திறந்தேன். மூன்றாவது வரிசையில் உங்கம்மா வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சிரிப்பதற்காக இல்லை. நான் எங்கே சொதப்பிவிடுவேனோ என்ற பயத்தில்.

எனக்குச் சத்தம் வரவில்லை. பின்வரிசையில் யாரோ, "பெரியவர் மறந்துட்டாரு!" என்றான். கூடம் சிரித்தது. நடத்துகிறவருக்கு நெற்றியெல்லாம் வியர்வை. அப்போதுதான் நான் மைக்கைப் பிடித்தேன்.

"அது என் சிரிப்பு இல்லைங்க. நான் சிரிச்சது நல்லா இல்லைன்னு விட்டுட்டாங்க. படத்துல இருக்கிறது என் வீட்டுக்காரி சிரிப்பு. அதோ, மூணாவது வரிசை. கூட்டத்துல ஒருத்தின்னு சொன்னவன் நான்தான்."

எல்லோரும் திரும்பினார்கள். கைதட்டினார்கள். அவள் எழுந்திருக்கவில்லை. என்னை முறைத்த முறைப்பில் நீலச் சட்டை வெளுத்திருக்கும். நல்லவேளை, நடத்துகிறவர் குச்சியை இறக்கினார், மிச்சப் பாட்டு என்னைக் காப்பாற்றியது.

இனி உனக்குத் தெரியாதது. நீ உன் ஒலிக்கருவிப் பெட்டிகளை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தபோது அவள் வண்டி நிறுத்துமிடத்தில் தூண் ஓரமாக நின்றாள். நான் போனேன். நன்றி சொல்வாள் என்று நினைத்தேன், அப்படிப்பட்ட முட்டாள் நான்.

"யாரைக் கேட்டு என்னைக் கைகாட்டினீங்க?"

"உள்ளதைத்தானே சொன்னேன்?"

"உள்ளது எனக்குத் தெரியாதா? எனக்கு அந்தச் சிரிப்பு வேணும்னா அன்னைக்கே வாங்கியிருக்க மாட்டேனா? உங்களுக்குன்னு கொடுத்தேன். பொத்திப் பொத்தி வச்சிருந்தேன். ஊரைக் கூட்டித் திருப்பித் தர்றீங்க."

"பின்ன எதுக்குடி பெட்டி கட்டினே?"

"சிரிப்பை நீங்க வச்சுக்கோங்க, என்னை எங்கே வச்சீங்கன்னு கேட்கத்தான்."

எனக்கு வேடிக்கையாக ஏதாவது சொல்லத்தான் வரும், உனக்குத் தெரியும். அன்றைக்கு அதை விட்டேன். "அன்னைக்கு எதுக்குச் சிரிச்சே?" என்று கேட்டேன்.

"வேனை எடுக்கச் சொன்னதும் ஓடினீங்களே, அதுக்கு முன்னாடி அத்தனை பேருக்கும் வணக்கம் வச்சீங்க. மைக்குக்கும் ஒண்ணு வச்சீங்க" என்றாள். முகம் இறுகியேதான் இருந்தது.

அதற்குள் நீ வந்துவிட்டாய். "போலாமாம்மா?" என்றாய். அவள் உடனே ஏறவில்லை. ஒரு காலைப் படியில் வைத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். "என்னப்பா?" என்று நீகூடக் கேட்டாய். "ஒண்ணுமில்ல, பார்த்துப் போங்க" என்றேன். வேன் கதவை இழுத்துச் சாத்தியதும் நான்தான். ஆயுசு முழுக்கச் செய்த வேலை, கை தானாகச் செய்துவிட்டது.

ஒண்ணுமில்லாமல் இல்லை சின்னு. அத்தனை பேருக்கு முன்னால் மைக்கைப் பிடித்து அவ்வளவு பேசினேன். அவள் ஒருத்தி கைக்கெட்டும் தூரத்தில் நின்றாள். 'வீட்டுக்கு வா' என்று நான் சொல்லவில்லை.

உன் அப்பா