கரடிக்குக் கேட்கும்படி

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அலாஸ்காவில் மழை விட்டு ஆறு தெளிந்துவிட்டது. டிரவுட் மீன்கள் நன்றாகக் கடிக்கின்றன.

செவ்வாய்க்கிழமை ஒரு வேடிக்கை. நான் மீன்பிடிக்க அழைத்துப்போன பல் டாக்டர் கிட்ரிட்ஜின் இறகுத் தூண்டிலில் கை நீளத்துக்கு ஒரு மீன் மாட்டியது. அது துள்ளிய சத்தம் கேட்டு எதிர்க்கரையிலிருந்து ஒரு பழுப்புக் கரடி தண்ணீரில் இறங்கியது.

"தூண்டில் நரம்பை அறுத்து விடுங்க சார்!"

"இருபது வருஷமா இதுக்குத்தாம்மா காத்திருக்கேன்!"

"அதுவும் காலையிலேர்ந்து காத்திருக்கு சார்!"

சொல்லிக்கொண்டே நானே தூண்டில் நரம்பை வெட்டிவிட்டேன். மனிதரிடம் மீன் கிடைக்கும் என்று கரடி ஒருமுறை கற்றுக்கொண்டால், அடுத்து அங்கே நிற்கிறவர் பாடு அதோகதிதான். சத்தம் அடங்கியதும் அது திரும்பிப் போய்விட்டது. டாக்டர் மத்தியானம் வரை முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு அவரே காபி ஊற்றிக் கொடுத்தார். கவலைப்படாதீர்கள், இந்த வேலை எனக்குக் கைவந்துவிட்டது.

கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்புங்கள். விமானம் இறங்கிவிட்டது, தபால் பையைக் கட்டுகிறார்கள். இன்னொன்று மட்டும். கூடாரத்திலிருந்து ஆற்றுக்குப் புதர் வழியே இரண்டு மைல். கரடி திடுக்கிடாமலிருக்கச் சத்தமாகப் பேசிக்கொண்டே நடக்க வேண்டும். தனியாகப் போகும்போது உங்கள் கடிதத்தைத்தான் உரக்கப் படிக்கிறேன். பாதி வழியிலேயே தீர்ந்துவிடுகிறது, அம்மா. கொஞ்சம் நீளமாக எழுதுங்கள்.

உங்கள் மகள்,
மார்னி