மல்லியைக் கூப்பிடாமல் இருக்கிறேன்

ஜெபத்திலும் நினைப்பிலும் என்னைவிட்டு நீங்காத ஜெசி அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். ஆவூரில் இந்த வருடம் மழை பரவாயில்லை. மல்லிக்குப் போன வாரம்தான் லாடம் மாற்றினோம். நீங்கள் இருக்கிற இடத்தில் குதிரை உண்டா என்று பங்குச் சாமியாரிடம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார். உண்டுதானே?

நீங்கள் போய் ஒன்பது மாதம் ஆகிறது. நல்ல சேதியும் மனசு கனக்கிற சேதியும் சேர்ந்தே இருக்கிறது. முதலில் கனமானதைச் சொல்லிவிடுகிறேன். ஜெசி முதல்முதலாகப் போன திருச்சிக் குதிரைத் தாண்டல் போட்டியில் மல்லி இரண்டாவது தடைக்கு முன்னால் நின்றுவிட்டாள். திருப்பி ஓட்டி வந்தபோதும் நின்றாள். மணி அடித்து வெளியே போகச் சொல்லிவிட்டார்கள். ஜெசி இறங்கி வந்து, "இனிமே நான் ஏற மாட்டேம்மா. அப்பாவோட போச்சு எல்லாம்" என்றாள். பெங்களூர் லாயத்தில் இருபது வருடம் மற்றவர்கள் பிள்ளைகளுக்காகக் குதிரை கழுவிய மனுஷன் நீங்கள். அந்தக் குதிரைக் கிளப்பில் வேண்டாமென்று கழித்துவிட்ட மல்லியைக் கேட்டு வாங்கி வந்து, நம் புஞ்சையில் டிரம்மை உருட்டி வைத்து, சவுக்குமரக் கம்பை அதன்மேல் போட்டு மகளைத் தாண்டப் பழக்கினீர்கள். அதற்கா இந்த முடிவு?

அப்போதுதான் ஷமீமாவைப் பற்றிக் கேள்விப்பட்டேன். மீமிசல் பெண். முப்பது வயதுதான் இருக்கும். வளைகுடாவில் அவள் அத்தா குதிரை பார்த்த லாயத்திலேயே தாண்டக் கற்றுக்கொண்டவளாம். திருச்சியில் பயிற்சி கொடுக்கிறாள். போன் போட்டதும் சனிக்கிழமை காலையில் வந்து நின்றாள்.

மல்லியின் முதுகை, காலை, பல்லை எல்லாம் தடவிப் பார்த்தாள். "ஒடம்புல ஒண்ணும் கொறை இல்லக்கா" என்றாள். நான் என் நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தேன். உங்களுக்குத்தான் தெரியுமே, எனக்கு எதையும் குறித்து வைக்காவிட்டால் ஆகாது. என்றைக்கு எத்தனை தாண்டல், எந்தக் கம்பு விழுந்தது, எங்கே நின்றாள் என்று நீங்கள் போன மறுவாரத்திலிருந்து எழுதி வந்தேன். ஷமீமா கிணற்று மேட்டில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் புரட்டினாள்.

"அக்கா, இது யாரு எழுதுனது?"

"நான்தான்மா. தப்பா எழுதிட்டேனா?"

"ரொம்பச் சரியா எழுதியிருக்கீங்க. வெள்ளிக்கெழமை வந்தா மட்டும் நிக்குதே, மல்லி வெரதமா?"

ஜெசி பல நாள் கழித்துச் சிரித்தாள். "வெள்ளிக்கெழம சாயங்காலம் அம்மா பூசைக்குப் போயிருவாங்க மேடம்."

ஷமீமா நோட்டை மூடிவிட்டு என்னையே பார்த்தாள். "நீங்க இருந்தா என்னக்கா செய்வீங்க?"

சொல்லக் கூச்சமாக இருந்தது, இருந்தாலும் சொன்னேன். மல்லி தடையை நெருங்கும்போது வேலியோரம் நின்று, "எழும்பு ஆத்தா!" என்று குரல் கொடுப்பீர்களே, நீங்கள் போன பிறகு அதை நான் எடுத்துக்கொண்டேன். உங்கள் இழுப்போடு, கடைசியில் அந்தத் தூக்கலோடு. மாதாவிடம் ஒரு வேண்டுதல், உடனே அந்தக் குரல். மல்லி எழும்பிவிடுவாள். ஜெபம்தான் தூக்கிவிடுகிறது என்று நினைத்திருந்தேன்.

"அங்கிட்டுப் போயி கொட்டகைக்குப் பின்னால நில்லுங்க, வாயத் தொறக்காதீங்க" என்றாள் ஷமீமா. நின்றேன். ஏற மாட்டேன் என்ற ஜெசியையும் ஏற்றிவிட்டாள். மல்லி தடைவரை வந்தாள், நின்றுவிட்டாள். "இப்ப வந்து எப்பவும்போலக் கூப்பிடுங்க." கூப்பிட்டேன். பூப்போலத் தாண்டினாள்.

"எங்க எழும்பணும்னு குதிரைக்கும் அது மேல உக்காந்திருக்குறவளுக்கும்தான்க்கா தெரியணும். இங்க ரெண்டு பேருமே ஒங்க வாயப் பாத்துக்கிட்டு வர்றாங்க. கடைசி மூணு எட்டுல ஜெசி காலைத் தளர விட்டுர்றா."

போட்டியில் வெளியிலிருந்து யாரும் குரல் கொடுக்கக் கூடாது என்பதால் அன்றைக்கு நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். மல்லி பாவம், காத்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

"ஒரு தடவகூடக் கூப்பிடக் கூடாதாம்மா? அது அவுக குரலு" என்றேன். ஷமீமா நோட்டை என் கையில் திருப்பிக் கொடுத்தாள். "கூப்பிடுங்கக்கா, நான் தடுக்கல. ஆனா போட்டியில ஜெசி தனியாத்தான் போகணும்" என்றாள்.

மறுபடி ஆனா ஆவன்னாவிலிருந்து தொடங்கினாள். தரையில் நாலு கம்பைப் பரப்பி, அதன்மேல் ஒரே சீராக நடை, பிறகு சின்ன ஓட்டம். ஒரு வாரம் தாண்டலே இல்லை. "கம்பப் பாக்காத ஜெசி, அதுக்கு அங்கிட்டுப் பாரு. காலை ஒட்டி வையி. ஒன்னோட கால்தான் இப்ப அதுக்குக் குரலு." பிறகு முழங்கால் உயரத்துக்குக் குறுக்குக் கம்பு. அதிலேயே மல்லி இரண்டு முறை நின்று, காதை என் பக்கம் திருப்பினாள். ஏங்க, அந்தக் காதைப் பார்த்துக்கொண்டு நான் எப்படி நின்றேன் என்று உங்களுக்குத் தெரியுமா? முந்தானையை வாயில் திணித்துக்கொண்டேன்.

மல்லியைக் கூப்பிடுகிறேன் என்றுதான் இத்தனை நாளும் நினைத்தேன். அந்த இரண்டு சொல் என் வாயிலிருந்து வரும்போது நீங்கள் பக்கத்தில் நிற்பதுபோல இருக்கும். அதற்காகத்தான் தினமும் வேலியோரம் போனேனோ?

மூன்றாவது சனிக்கிழமை ஷமீமா கம்பை மூன்றடி உயரத்தில் வைத்தாள். ஜெசி வளைத்து ஓட்டி வந்தாள். கடைசி மூன்று எட்டு, அவள் கால் மல்லியின் விலாவில் ஒட்டியது. புஞ்சையில் ஒரு சத்தமில்லை. மல்லி எழும்பி, கம்பில் குளம்பு படாமல் அந்தப் பக்கம் போய் இறங்கினாள். ஜெசி கடிவாளத்தை விட்டுவிட்டு அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "மேடம், நான் சொன்னதக் கேட்டுருச்சு!" என்று கத்தினாள். ஒருத்தரும் என் பக்கம் திரும்பவில்லை. மல்லியின் காதும் திரும்பவில்லை. இதுதான் நல்ல சேதி.

வரும் ஞாயிறு மறுபடி திருச்சியில் போட்டி. காலைப் பூசை முடிந்ததும் கிளம்புகிறோம். மல்லி கடைசித் தடையைத் தாண்டி வெளியே வரும்வரை என் வாய் திறக்காது. இது உங்களுக்கு நான் கொடுக்கிற வாக்கு. இனி உங்களைத் தேடினால் குதிரையைச் சாக்கு வைத்துக் கூப்பிட மாட்டேன். உங்களையே கூப்பிடுவேன். கட்டிக்கொண்ட நாளிலிருந்து ஒருமுறைகூட என் வாயால் சொல்லாத உங்கள் பேரைச் சொல்லி.

என்றும் உங்கள் பெஞ்சாதி,
ஜெசி அம்மா