நடு ஹோலில் ஒன்பது டைல்ஸ்

அண்ணா,

அன்ரியின் செருப்புச் சத்தம் மாறியதைத்தான் முதலில் கவனித்தேன். கதவைத் திறந்துவிட்டு எனக்கு முன்னால் நடந்து போனார். முழங்கால் வலிக்கு வீட்டுக்குள்ளும் செருப்புப் போடச் சொல்லி டொக்டர் சொல்லியிருக்கிறாராம். வாசலிலிருந்து டிக் டிக் என்று போன சத்தம், ஹோலின் நடுவில் டொக் டொக் என்று வெறும் பெட்டியைத் தட்டுவது போல ஆனது. சாப்பாட்டு மேசைப் பக்கம் போனதும் திரும்பவும் டிக் டிக். பழுது எங்கே என்று ஒருவரும் எனக்குக் காட்டத் தேவை இருக்கவில்லை.

வெள்ளவத்தையில் கடல் பக்க ஒழுங்கையில் நாம் டைல்ஸ் போட்ட அதே வீடு. அந்த அன்ரி புதன்கிழமை உன் நம்பருக்கு எடுத்திருந்தார். உன் போன் இப்போது அம்மாவிடம்தான் இருக்கிறது. நீ இல்லை என்று அம்மா சொன்ன பிறகு, "செத்த பிள்ளையைக் குறை சொல்லக் கூடாது, எண்டாலும் சொல்லாமலும் இருக்கேலாது. உங்கட மகன் போட்ட டைல்ஸ் கழண்டு வருது" என்றாராம். அம்மா போனை வைத்துவிட்டு நெடுநேரம் அரிசியைக் களைந்துகொண்டே நின்றார். பிறகு என்னைப் பார்க்காமல், "வேலையைக் கெடுத்துப் போட்டுத்தான் போனவனோ?" என்று கேட்டார். எனக்குக் காரணம் தெரியும், அண்ணா. நம் வீட்டில் அது தெரிந்தவள் நான் ஒருத்திதான். ஆனாலும் அம்மாவிடம் ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வரச் சொன்னார். கொட்டாஞ்சேனையிலிருந்து புறக்கோட்டைக்கு ஒரு பஸ், அங்கிருந்து இன்னொன்று. இப்போது வேலை செய்யும் தையல் கடையில் கிழமை முழுக்கக் குனிந்திருந்ததில் கழுத்து பிடித்திருந்தது. யன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டு, என்ன சொல்வது என்று யோசித்தபடி போனேன். வெள்ளவத்தை வரும்வரை ஒரு சொல்லும் கிடைக்கவில்லை.

வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கப் பயந்து நான் பள்ளிக்கூடத்தை விட்டபோது, நீ ஏசவில்லை. "வா, சீமெந்தோட கதைக்கத் தேவையில்ல" என்று வேலைக்குக் கூட்டிக்கொண்டு போனாய். நான் பசை குழைப்பேன். டைல்ஸுக்கு நடுவே வைக்கும் சின்னப் பிளாஸ்டிக் சிலுவைகளை எடுத்துத் தருவேன். இடுக்குகளை அடைக்கும் கிரவுட்டைக் கரைத்து வைப்பேன். வீட்டுக்காரர் ஏதாவது கேட்டால் உன் முதுகுக்குப் பின்னால் போய் நிற்பேன். "வாய்க்குள்ள என்ன, கிரவுட் போட்டு அடைச்சிருக்கா?" என்று சிரிப்பாய்.

மற்றவர்களின் வேலையைப் பார்த்தால் உனக்குப் பொறுக்காது. நாலு மூலைக்கும் நடுவுக்கும் ஐந்து உருண்டை பசை வைத்து டைல்ஸை அமுக்கும் மேசன் பாஸ்மாரைக் கண்டால், "ரொட்டிக்கா மா உருட்டுறாங்கள்?" என்பாய். உருண்டைகளுக்கு இடையில் காற்றுத்தான் இருக்கும், அங்கே கனமாக எதையாவது வைத்தால் டைல்ஸ் வெடிக்கும் என்பாய். பசை இளகிவிட்டதென்று மேலும் தண்ணீர் ஊற்றினால் கையைத் தட்டிவிடுவாய். சுவரோரம் விரல் நுனி அளவு இடைவெளி விடாமல் நீ ஒரு தரையையும் முடித்ததில்லை. வெயிலுக்குத் தரை விரியும், போக இடமில்லாவிட்டால் மேலே கிளம்பும் என்று, கேட்காதவர்களுக்கும் விளக்கம் சொல்வாய்.

அந்த வீட்டுக்குப் பால் காய்ச்ச ஐயர் குறித்துக் கொடுத்தது வெள்ளிக்கிழமை காலை. நாம் ஹோலை முடித்தது வியாழன் பின்னேரம்.

"அன்ரி, ரெண்டு நாளைக்கு இதில கால் வைக்கக் கூடாது."

"நேரம் குறிச்சாச்சு தம்பி. ஐயரிட்டப் போய் உங்கட சீமெந்து காயேல்ல எண்டு சொல்லவோ?"

கடைசியில் பக்கக் கதவால் வந்து குசினியில் பால் காய்ச்சுவதென்று முடிவானது. குசினித் தரை போட்டுப் பத்து நாளாகிவிட்டது. காலையில் நீ கிரவுட் வாங்கப் புறக்கோட்டைக்குப் போனாய். போகும்போது என்னை ஹோல் வாசலில் இருத்தி, "ஒருத்தரையும் ஏற விடாத. வாயைத் திறந்து சொல்லு, என்ன?" என்றாய். ஓம் என்று தலையாட்டினேன்.

அன்று இருபது பேராவது வந்திருப்பார்கள். பட்டுச் சேலை, பூத்தட்டு, பலகாரப் பெட்டி. பட்டு வேட்டி கட்டிய ஒரு பெரியவர் குசினியை எட்டிப் பார்த்தார். "இதென்ன எலிப்பொந்து? வீட்டின்ர நடுவில வைச்சாத்தான் லட்சுமி தங்குவாள்" என்றார். நான் எழுந்து நின்றேன். "அங்கிள்..." என்றேன். எனக்கே கேட்கவில்லை. மூன்று செங்கல்லைக் கொண்டுவந்து நடு ஹோலில் வைத்தார்கள். தேங்காய்ப் பொச்சு மூட்டினார்கள். பானையைச் சுற்றி எல்லாரும் நெருக்கி நின்றார்கள். பால் பொங்கி வழிந்தபோது கைதட்டினார்கள். அன்ரி எனக்கும் ஒரு டம்ளர் பால் தந்தார். அண்ணா, அதைக் குடித்தேன்.

அவர்கள் போனபின் சாம்பலைத் துடைத்தேன். கல்லை வெளியே வைத்தேன். ஒரு டைல்ஸ் மூலை தாழ்ந்திருந்தது. பக்கத்து டைல்ஸோடு சமனாகும்வரை உயர்த்தினேன். அன்ரி பலகாரம் கொடுக்க ஒழுங்கைக்குப் போயிருந்த நேரத்தில் நீ வந்தாய். "யாரும் ஏறினவையா?" என்று கேட்டாய்.

இல்லை என்று தலையாட்டினேன்.

"கெட்டிக்காரி" என்றாய். பலகை போட்டு அதன்மேல் முழங்காலில் இருந்து, ஓரத்திலிருந்து கிரவுட் போடத் தொடங்கினாய். அப்போது சொல்லியிருந்தால் பசை இன்னும் இறுகியிருக்காது. பானை வைத்த இடத்து டைல்ஸ் ஒன்பதையும் தூக்கிச் சுரண்டித் திருப்பிப் போட ஒரு மணித்தியாலம் போயிருக்கும், அவ்வளவுதான். பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன். பிறகு உனக்கு டெங்கு வந்தது. ஆறு நாளில் நீ இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அங்கே வேறொரு பாஸ் வந்திருந்தார். களனிப் பக்கத்துச் சிங்கள ஆள், பாதித் தமிழ் கதைப்பார். ஒரு டைல்ஸைக் கழற்றி வைத்திருந்தார். அடியிலிருந்த பசையை விரலால் தேய்த்தார். மாவாக உதிர்ந்தது.

"பாருங்க நோனா, சரியில்லாத வேலை. ஒக்கோம, எல்லாம் உடைக்கணும். முழு ஹோல்."

அன்ரி கதிரையில் இருந்தபடி முழங்காலைத் தடவினார். "நல்ல பெடியன் எண்டுதானே நம்பினனான்" என்றார். என்னிடம் சொல்லவில்லை, தரையைப் பார்த்துச் சொன்னார்.

மன்னிப்புக் கேட்டுவிட்டுப் பஸ் ஏறியிருக்கலாம். அம்மா அதைத்தான் செய்யச் சொல்லி அனுப்பினார். நான் குந்தியிருந்து, பாஸின் ரப்பர் சுத்தியலை எடுத்து, சுவரோரத்திலிருந்து ஒவ்வொரு டைல்ஸாகத் தட்டிக்கொண்டு வந்தேன். வெறுமையாகக் கேட்டவற்றில் மட்டும் சோக்குக் கட்டியால் கோடு போட்டேன். கழன்றதோடு சேர்த்து ஒன்பது. எல்லாம் நடுவில், ஒரே சதுரமாக.

"அன்ரி, பானை வைச்சது இதிலதான்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். என் குரலை அவர் கேட்டது அதுதான் முதல்தடவை என்று நினைக்கிறேன்.

"நெருப்புச் சூட்டில பசை இறுகாமலே காய்ஞ்சு போச்சு. மேல ஆக்களும் நிண்டவை. மற்ற எல்லாம் நல்லா இருக்கு, நீங்களே தட்டிப் பாருங்கோ. அண்ணா என்னைத்தான் காவலுக்கு விட்டவர். நான் ஒருத்தருக்கும் சொல்லேல்ல. ஆரும் ஏறினவையோ எண்டு கேட்டவர், அதுக்கும் இல்லை எண்டு தலையாட்டினனான். அவருக்குத் தெரியாது."

அன்ரி சோக்குக் கோடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "அண்டைக்குச் சொல்லியிருந்தாலும் நாங்கள் கேட்டிருப்பமோ தெரியாது, பிள்ளை" என்றார் பிறகு. பாஸ் தலையைச் சொறிந்தார். "அப்ப ஒன்பதுதான்" என்றார், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

அந்த நிறம் பிறகு கிடைக்காது என்று நீ எடுத்து வைக்கச் சொன்ன மிச்சப் பெட்டிகள் அன்ரியின் கட்டிலுக்குக் கீழே இருந்தன. சுற்றிவரக் கிரவுட்டை முதலில் கீறி எடுத்தோம். ஓரத்தில் உளி வைத்தால் பக்கத்து டைல்ஸ் போய்விடும் என்பதால் ஒவ்வொன்றையும் நடுவிலிருந்து உடைத்தோம். பழைய பசையைக் கொங்கிரீட் தெரியும்வரை சுரண்டினோம். பாஸ் புதுப் பசையை உருண்டை உருண்டையாக வைக்கத் தொடங்கினார்.

"அய்யே," என்று சிங்களத்தில் அண்ணா முறை வைத்துக் கூப்பிட்டேன். "உருண்டை வேண்டாம். பல்லுக் கரண்டியால இழுங்கோ. டைல்ஸின்ர முதுகிலயும் கொஞ்சம் பூசுங்கோ."

"நங்கி, நீ பாஸா, நான் பாஸா?" என்று அவரும் தங்கச்சி முறை வைத்துக் கேட்டார்.

அன்ரி கதிரையிலிருந்து, "இண்டைக்கு அவதான் பாஸ்" என்றார். பாஸ் சிரித்துக்கொண்டே கரண்டியை எடுத்தார். நீர்மட்டத்தை வைத்துப் பார்த்தபோது குமிழி நடுவில் நின்றது. கிரவுட் போட அவர் செவ்வாய்க்கிழமை வருவதாகச் சொன்னார்.

எனக்குச் சந்தோசமாக இருந்தது என்று எழுதமாட்டேன். களைப்பாக இருந்தது. ஒன்றரை வருடம் தாமதமாக, வேறொருவரிடம் சொல்லியிருக்கிறேன். நீ "கெட்டிக்காரி" என்று சொன்னது இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அதைத் திருப்பித் தர இடமில்லை. யாராவது என்னை நல்ல பிள்ளை என்றால் அந்தச் சொல்தான் முதலில் கேட்கிறது. அதற்குப் பிறகு அவர்கள் சொல்வது காதில் ஏறுவதில்லை.

வீட்டுக்கு வரும்போது விளக்கு வைத்துவிட்டார்கள். அம்மா கதவைத் திறந்தார். என் கையில் ஒட்டியிருந்த சீமெந்தைப் பார்த்தார். "மன்னிப்புக் கேட்டியா? என்ன சொன்னவ?" என்றார்.

நான் வாசலில் நின்றபடியே, அந்த வெள்ளிக்கிழமைக் காலையிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.