சும்மா நடக்கப் போன பிள்ளை

அன்பு மச்சான்,

கட்டாரில் நீங்கள் சுகமாக இருக்க வேண்டும். லீவுக்கு வந்த நம் மகள் தவமலரை நேற்று பண்டாரவளைப் பள்ளி விடுதிக்கே திருப்பி அனுப்பிவிட்டேன். சரியா, பிழையா, எனக்கே விளங்கவில்லை.

சனிக்கிழமைகளில் விடுதிப் பிள்ளைகளை மலையேறவும் நீர்வீழ்ச்சி பார்க்கவும் கூட்டிப்போகிறார்களாம். அந்தப் பழக்கத்தில் இங்கேயும் விடியவே வாவிக்கரைக்கு நடக்க வெளிக்கிட்டாள்.

“என்னத்துக்கு மனே?”

“சும்மாதான் அம்மா. பார்த்திட்டு வாறன்.”

இந்தச் சண்டைக் காலத்தில் இங்கே யார் சும்மா நடக்கிறார்கள்? பின்னாலேயே ஓடினேன். சென்றிக் காவலரணில் நின்ற ஆமிக்காரன் அவளை மறித்தான். சிங்களத்தில் பதில் சொன்னாள். அவனுக்கும் பண்டாரவளைப் பக்கம்தானாம். இருவரும் அந்த நீர்வீழ்ச்சியைப் பற்றிப் பேசிச் சிரித்தார்கள். நான் அவள் கையைப் பிடித்து வீட்டுக்கு இழுத்து வந்தேன்.

அன்று பின்னேரமே இயக்கத்துப் பொடியன்கள் இருவர் வாசலுக்கு வந்தார்கள்.

“ஆமியோட சிரிச்சுக் கதைச்ச புள்ள ஆரு? தகவல் குடுக்கிறவளோ?”

அக்காவின் மகள், ஊருக்குப் போய்விட்டாள் என்றேன். தவமலர் அறைக்குள்தான் இருந்தாள்.

மறுநாள் முதல் பஸ்ஸில் ஏற்றினேன். “நான் என்னம்மா பிழை செஞ்சன்?” என்று அழுதாள். பிழையில்லை என்றால் ஏன் அனுப்புகிறேன்? பிழை என்றால் எது பிழை?

உங்களுக்கும் இதையே கேட்டு எழுதுவாள். என்ன பதில் எழுதுவீர்கள்? அதை எனக்கும் எழுதுங்கள்.

உங்கள் மனைவி