பென்காவைத் தேடி வந்தவர்கள்

அக்டோபர் 3

எல்லாம் நான் முன்கூட்டியே சொன்னதுதான். எங்கள் ஊர் ஸ்லிவெனை விட்டுக் கிளம்பும்போதே சொன்னேன்: ஹங்கேரியில் வண்டி நிற்கும், ஜெர்மனியில் மழை பிடிக்கும், டென்மார்க் எல்லையில் என் இடுப்பு பிடிக்கும். மூன்றும் பிசகாமல் நடந்தது. ஓட்டிவந்த கலோயன், என் தங்கை மகள் ரலிட்சாவின் புருஷன், இதற்குச் சாட்சி.

ஹங்கேரியில் நான் எஞ்சின் சத்தத்தைக் கேட்டே கோளாறு இன்னதென்று சொல்லிவிட்டேன். மெக்கானிக் அசந்துபோய் என் காதைப் புகழ்ந்தான். ஹங்கேரிய மொழியில்தான் புகழ்ந்தான், ஆனால் புகழ்ச்சி எனக்கு எந்த மொழியிலும் புரியும். வியன்னாவில் அரண்மனைக் காவலன் எனக்கு சல்யூட் வைத்தான். என் பெண்டாட்டி பென்கா இருந்திருந்தால், "அவன் ஈ ஓட்டினான்யா" என்றிருப்பாள். அவள் போய்ச் சேர்ந்து அடுத்த மாதம் ஒரு வருஷம்.

அக்டோபர் 4

டென்மார்க்கில் ரலிட்சா வீட்டில் எனக்குத் தனி அறை, மெத்தை, ஜன்னல். ஜன்னலில் ஒரு பிர்ச் மரம். கொடுத்து வைத்தவன் நான்.

அக்டோபர் 18

ரலிட்சாவும் கலோயனும் தக்காளி வளர்க்கும் கண்ணாடி வீட்டில் வேலைக்குப் போய்விடுகிறார்கள். டேனிஷ் மொழி எனக்கு வந்துவிட்டது. மூன்று வார்த்தைதான், ஆனால் உச்சரிப்பில் ராஜா வீட்டுக்காரர்களே தோற்பார்கள்.

மனிதர்கள்தான் பிடிபடவில்லை. கீழ்வீட்டு ப்ரேபன், தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். படியில் எதிர்ப்பட்டால் சிரிக்கிறார். அப்புறம் அவர் கதவு மூடிக்கொள்கிறது. நானும் காபி போட்டு, கதவைத் திறந்துவைத்து உட்கார்ந்து பார்த்தேன். ஒரு ஈ காக்கை வரவில்லை.

சாயங்காலம் ரலிட்சா கத்தினாள். "மாமா, கதவை மூடுங்க! வீட்டுச் சூடெல்லாம் வெளிய போகுது. இங்க ஒருத்தர் வீட்டுக்கு ஒருத்தர் போகணும்னா மூணு வாரம் முன்னாடியே நாள் குறிக்கணும்."

"அதுக்குள்ள காபி ஆறிடாதா?"

சிரித்தாள். நல்ல பெண். என் தங்கை தவம் செய்து பெற்றவள்.

நவம்பர் 5

இன்றைக்கு எழுதப் பிடிக்கவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

வருஷ நினைவு நாளில் வேகவைத்த கோதுமையில் சர்க்கரையும் அக்ரூட்டும் கலந்து நாலு பேருக்குக் கொடுக்க வேண்டும். வாங்குகிறவர்கள் "கடவுள் அவளை மன்னிக்கட்டும்" என்று சொல்லிச் சாப்பிட வேண்டும். அவர்கள் சாப்பிட்டால்தான் அங்கே அவளுக்குப் பசி அடங்கும். ஊரில் என்றால் தெருவே திரண்டுவிடும். இங்கே யாரிடம் நீட்டுவேன்? பிர்ச் மரத்திடமா?

ரலிட்சாவிடம் சொல்லிவிட்டேன். "பன்னெண்டாம் தேதி என் பென்காவுக்காக ஒரு வாய் சாப்பிட வெளியாள் ஒருத்தர் வரலேன்னா, அடுத்த பஸ்ல நான் ஸ்லிவென் போயிடறேன். அவளைப் பட்டினி போட்டுட்டு எனக்கு மெத்தை என்னத்துக்கு?"

"நாங்க ரெண்டு பேரும் சாப்பிடறோமே மாமா."

"நீங்க வீட்டு மனுஷங்கடி. அது கணக்குல வராது."

கண்ணைத் துடைத்துக்கொண்டு வேலைக்குப் போனாள். நான் ஏன் இப்படிப் பேசுகிறேன்?

நவம்பர் 11

மூளை என்று ஒன்று இருந்தால் அது என்னுடையதுபோல் இருக்க வேண்டும். ஊரில் என்ன செய்வோம்? இறந்தவரின் படத்தை அச்சடித்து, பேரும் நாளும் போட்டு, வீட்டுக் கதவிலும் விளக்குக் கம்பத்திலும் ஒட்டுவோம். பார்த்தவர்கள் வருவார்கள். அதையே செய்தேன். பென்காவின் படம், கீழே எங்கள் எழுத்தில் 'நீ இல்லாத ஒரு வருடம்', நாளைத் தேதி, பதினொரு மணி, இந்த வீட்டு முகவரி. பஸ் நிறுத்தம், ரொட்டிக்கடை, தெரு முழுக்க ஒட்டிவிட்டேன். கடைக்கார அம்மாள் படத்தைப் பார்த்ததும் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். ஊரில் வைப்பதுபோலவே!

ஐந்து கிலோ கோதுமை ஊறப் போட்டிருக்கிறேன். கூட்டம் வரும் என்று எனக்குத் தெரியாதா?

நவம்பர் 12, ஞாயிறு

இன்றைக்கு எழுதப் பிடிக்கிறது.

பதினொன்று அடித்ததும் மணி ஒலித்தது. திறந்தால் ப்ரேபன். மஞ்சள் அங்கி, கழுத்தில் விசில், கையில் ஊர் வரைபடம். அவருக்குப் பின்னால் ரொட்டிக்கடை அம்மாள் ஈங்கர் ஒரு பெரிய நாயோடு. படி முழுக்க ஆட்கள், எல்லார் காலிலும் சேற்று பூட்ஸ். நினைவு நாளுக்கு இவர்கள் இப்படித்தான் உடுத்துவார்கள்போல என்று நினைத்துக்கொண்டேன்.

ப்ரேபன் கேட்டதை ரலிட்சா எனக்குச் சொன்னாள். "கடைசியா அவங்களை எங்க பாத்தீங்கன்னு கேக்கறார் மாமா."

என்ன மரியாதையான கேள்வி! "சமையலறையில. மிளகாய் சுட்டுட்டிருந்தா" என்றேன்.

"என்ன உடுத்தியிருந்தாங்களாம்?"

"நீல ஏப்ரன்."

ப்ரேபன் திரும்பி, படியில் நின்றவர்களிடம் அதை உரக்கச் சொன்னார். நாய்க்கு மோந்துபார்க்க அவள் துணி ஏதாவது கிடைக்குமா என்று ஈங்கர் கேட்டாள். அப்போதுதான் ரலிட்சா தலையில் கை வைத்தாள்.

"ஐயோ மாமா! இந்த ஊர்ல காணாமப்போனவங்க படத்தைத்தான் இப்படி ஒட்டுவாங்க. நம்ம எழுத்தும் இவங்களுக்குப் படிக்கத் தெரியாது. இவங்க அத்தையைத் தேட வந்திருக்காங்க!"

நினைவு நாளையும் கோதுமையையும் அவளே அவர்களுக்கு எடுத்துச் சொன்னாள். ஒருவரும் சிரிக்கவில்லை. ப்ரேபன் தொப்பியைக் கழற்றினார். "அப்ப நாங்க ஒரு வருஷம் லேட்டா வந்திருக்கோம்" என்றார்.

நான் வாசலிலிருந்து விலகி வழிவிட்டேன்.

ஈங்கர்தான் முதலில் குனிந்து பூட்ஸைக் கழற்றினாள். "வந்தது வந்தாச்சு. என்னவோ குடுக்கணும்னாரே, குடுக்கச் சொல்லு."

ஆளுக்கு ஒரு கிண்ணம் நிறையக் கொடுத்தேன். சொல்ல வேண்டியதை ரலிட்சா சொல்லிக்கொடுத்தாள். எங்கள் மொழியில் தப்பும் தவறுமாக, ஒவ்வொருவரும் சொன்னார்கள்: கடவுள் அவளை மன்னிக்கட்டும்.

"மன்னிக்கிற அளவுக்கு என்ன தப்பு பண்ணாங்களாம்?" ஈங்கர் கேட்டாள்.

"என்னைக் கட்டிக்கிட்டா."

அதற்குத்தான் சிரித்தார்கள். நாய்க்கும் கொஞ்சம் வைத்தேன். சாப்பிட்டது.

நவம்பர் 13

பென்கா, வயிறு நிறைந்ததா?

நவம்பர் 26

கம்பங்களில் ஒட்டிய தாள்களை நானும் ப்ரேபனும் சேர்ந்து பிரித்தோம். ஒன்றை மட்டும் அவர் கிழியாமல் எடுத்து, மடித்து உள்பைக்குள் வைத்துக்கொண்டார். இத்தனை நாள் நான் வாய் ஓயாமல் அளந்தும் பென்கா எனக்கு யாரென்று ஒருவருக்கும் புரியவைக்க முடியவில்லை; இந்த மனிதர் பேசாமலேயே புரிந்துகொண்டார். நன்றி என்றேன். இந்த ஊர் மொழியில்தான்.

டிசம்பர் 2

ப்ரேபன் மேலே வந்து காபி குடித்துவிட்டுப் போனார். நாள் குறிக்காமலே! அடுத்த வருஷமும் உண்டா என்று கேட்டார். உண்டு என்றதும் கீழே போய்ப் புதுக் காலண்டரை எடுத்துவந்து, நவம்பர் பன்னிரண்டில் 'பென்கா' என்று எழுதிக்கொண்டார். ஸ்லிவென் பஸ் பேச்சை ரலிட்சா எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

ஒன்றை மட்டும் திருத்தி எழுத வேண்டும். ஐந்து கிலோ கோதுமை என்று எழுதியிருந்தேன். கப்சா. ஒரு டம்ளர்தான் ஊறப் போட்டேன். யாரும் வராமல் அத்தனையையும் நானே உட்கார்ந்து தின்ன வேண்டியிருக்குமோ என்று பயம். வந்தவர்களுக்கு ஆளுக்கு ஒரு ஸ்பூன்தான் கிடைத்தது. அந்த ஒரு ஸ்பூனை அவர்கள் மெதுவாக மென்று சாப்பிட்டார்கள்.